எல்லாம் நன்று

ஜனவரி 12

அன்புத் தங்கச்சிக்கு,

நானும் உன் மகளும் இங்கே சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

போன் வேண்டாம், இனிமேல் கடிதமே எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது சரிதான். உங்கள் விடுதியில் மாதம் ஒரு முறை கொடுக்கும் பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் நீ "பேசுடி, ஒரு வார்த்தை பேசுடி" என்று கெஞ்சுவதிலேயே போய்விடுகிறது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறாள். விட்டுவிட்டுப் போன கோபம். பத்து வயசுக்கு இவ்வளவு ரோஷம் ஆகாது. வாலு என்று நீதான் பேர் வைத்தாய். இங்கே வந்தபின் அந்த வாலைச் சுருட்டி எங்கே வைத்தாள் என்றே தெரியவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. ஐந்தாம் வகுப்பு, அதுவும் என் வகுப்பே. டீச்சர் வீட்டுப் பிள்ளைக்குத் தனிச் சலுகை என்று எவரும் வாய் திறக்கக் கூடாது. அதனால் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன். வளர்த்தியும் இருக்கிறாள், பொருத்தம்தான்.

இந்த வருஷம் அரசாங்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுக் கூத்து வந்திருக்கிறது. முழுமைக் கல்வியாம். பாடம் மட்டும் போதாதாம். பிள்ளையின் உடம்பு, மனசு, தூக்கம், விளையாட்டு, சிநேகிதம் எல்லாம் பார்க்க வேண்டுமாம். தலைக்கு ஒரு பச்சை அட்டை நோட்டு, அதில் பன்னிரண்டு கேள்விகள். யாரோடு சிரிக்கிறாள், காலையில் என்ன சாப்பிட்டாள், எதற்குப் பயப்படுகிறாள். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர், பெருக்கிப் பார்த்துக்கொள். பின்னம் சொல்லித்தரவே நேரம் போதவில்லை, இதில் யார் யாரோடு சிரிக்கிறார்கள் என்று கணக்கு டீச்சர் எட்டிப் பார்க்க வேண்டுமாம். புதிதாக வந்திருக்கும் விளையாட்டு டீச்சர்தான் இதற்குப் பொறுப்பு. சின்னப் பெண். கழுத்தில் விசில், காலில் ஷூ, பிள்ளைகளைவிட அவள்தான் அதிகம் ஓடுகிறாள்.

நீ கவலையை விடு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

உன் கடிதம் பதினெட்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. நீ இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறாயா? சுண்ணக்கட்டித் தூள் உனக்கு ஆகாது என்று எத்தனை தடவை சொல்வது.

முதுகு பரவாயில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் குனியும் வேலையிலிருந்து நிற்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். துவைத்து வந்த படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, சூட்டு உருளைக்குள் சுருக்கம் இல்லாமல் விட வேண்டும். மறுமுனை பிடிப்பவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. தலையை ஆட்டியே குடித்தனம் நடத்துகிறோம். சண்டையே வராத ஜோடி இந்த விடுதியில் நாங்கள்தான்.

வாலுவின் கோபம் நியாயம்தான் அக்கா. அப்பா செத்து வருஷம் திரும்புவதற்குள் அம்மாவும் பெட்டியைத் தூக்கினால் எந்தப் பிள்ளை பேசும்? ஒரு வருஷ ஒப்பந்தம், டிசம்பரில் வந்துவிடுவேன் என்று அடிக்கடி சொல்லு. அதட்டாமல் சொல்லு.

தலைக்கு ஊற்றும்போது காதில் கொஞ்சம் பஞ்சு வைத்துவிடு. சின்ன வயசுப் பழக்கம், வேறொன்றும் இல்லை.

உன் தங்கை


மார்ச் 9

தங்கச்சிக்கு,

நலம். இருமல் என்னோடு பிறந்தது, என்னோடுதான் போகும்.

சந்தோஷமான செய்தி. முதல் பருவத் தேர்வில் உன் மகள் வகுப்பிலேயே முதல். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. கடைசி பெஞ்சிலிருந்து முதல் இடம், என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. தலைமையாசிரியை ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொல்லிக் காட்டினார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளை அழுத்தக்காரி. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். மூன்று தடவை கூப்பிட்டால் "என்ன?" என்று ஒரு கேள்வி. வாயால் கேட்கும் மனக்கணக்குக்குப் பதிலே வராது, கரும்பலகையில் எழுதிப் போட்டால் நொடியில் போட்டுவிடுவாள். திமிர்தானே இது? ஒரு நாள் வகுப்பில் கொஞ்சம் கண்டித்தேன். அதோடு சரியாகிவிட்டாள். இப்போதெல்லாம் "என்ன?" என்று திருப்பிக் கேட்பதே இல்லை.

பச்சை நோட்டுகளைக் கொண்டா கொண்டா என்று விளையாட்டு டீச்சர் நச்சரித்ததால் ஒரே மூச்சில் முப்பத்தெட்டையும் முடித்தேன். பன்னிரண்டு கேள்விக்கும் நன்று, நன்று, நன்று. கை வலித்ததுதான் மிச்சம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

முதல் மார்க் செய்தியை மறுமுனைக்காரியிடம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன். என்ன புரிந்ததோ, என்னைக் கட்டிக்கொண்டாள். நீ இல்லாவிட்டால் என் பிள்ளைக்கு இது கிடைக்குமா?

ஆனால் அவள் அடம் பிடிக்கிற பிள்ளை இல்லையே அக்கா. வாய் ஓயாத பிள்ளை அல்லவா. கண்டித்தேன் என்று எழுதியிருக்கிறாய். எப்படி என்று எழுதவில்லை.

இதோடு அவளுக்குத் தனியாக ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். பதிலை அவளையே எழுதச் சொல். நீ திருத்தாதே, பிழையோடு வரட்டும். உன் இருமல் எப்படி இருக்கிறது?

தங்கை


ஏப்ரல் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? பெரியம்மா தினமும் முட்டை தராங்க. எனக்கு ஒரு சிநேகிதி இருக்கா. ரெட்டைச் சடை போடுவா. பக்கத்துலயே உட்காருவா. டீச்சர் சொல்றதை நோட்டு ஓரத்துல எழுதிக் காட்டுவா, நான் அவளுக்குக் கணக்கு காட்டுவேன். இது பெரியம்மாவுக்குத் தெரியாது. நீ எழுதிடாதே.

எனக்கு உன்மேல கோபம் இல்ல அம்மா. போன்தான் பிடிக்கல. லெட்டர் பிடிக்குது. லெட்டர்ல நீ பேசறது எல்லாம் கேக்குது.

டிசம்பருக்கு இன்னும் எட்டு மாசம்.

இப்படிக்கு
வாலு


மே 20

அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே வெயில் ஏறிவிட்டது. உருளைக்குப் பக்கத்தில் நின்றால் மூச்சு வாங்குகிறது.

பிள்ளையின் கடிதம் வந்தது. பத்து தடவை படித்தேன். அவளை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடேன் அக்கா. ஒன்றும் இல்லை, சும்மாதான். வளர்கிற வயசு. கண், காது, பல் எல்லாம் பொதுவாகப் பார்க்கட்டும். முடிந்தால் இந்த மாதமே.

உன் தங்கை


ஜூலை 19

தங்கச்சிக்கு,

உன் கடிதம் ஜூன் முதல் வாரமே வந்தது. வட்டாரத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. சும்மாதான் என்று நீயே எழுதியிருந்தாய், சும்மாவுக்கு என்ன அவசரம் என்று தள்ளிப்போட்டேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

சென்ற மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் விளையாட்டு டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டீச்சர், உங்க வீட்டுப் பொண்ணுக்குக் காது கேக்குதா?"

"கேக்காம என்ன? கணக்குல தொண்ணூத்தெட்டு."

"நான் கணக்கைக் கேக்கல டீச்சர். காதைக் கேட்டேன்."

ஓட்டப் பந்தயத்தில் எல்லோரும் விசிலுக்கு ஓடுகிறார்கள். இவள் மட்டும் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காலைப் பார்த்து ஓடுகிறாளாம். சந்தேகப்பட்டு, இவள் குனிந்து ஷூ கயிறு கட்டும்போது பத்தடி பின்னால் நின்று ஊதிப் பார்த்திருக்கிறாள். மைதானமே திரும்பியது, இவள் கயிறு கட்டி முடித்துத்தான் நிமிர்ந்தாள். சொல்லிவிட்டுப் பச்சை நோட்டைத் திறந்து என் முன் வைத்தாள். என் கையெழுத்து. பன்னிரண்டு நன்று.

"எல்லாம் நன்றுன்னா எதையுமே பாக்கலன்னுதான் அர்த்தம் டீச்சர்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு காதிலும் வெகுநாள் சீழ். இடது காதில் திரை அரித்துப்போய், உள்ளே எலும்பும் கெட்டிருக்கிறது. அந்தக் காது இனி வராது என்கிறார்கள். வலது காதில் பாதி இருக்கிறது, அதை மருந்தால் காப்பாற்றலாம். மாதக்கணக்காக உதட்டைப் பார்த்தும், கரும்பலகையைப் பார்த்தும், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தும் இவள் முதல் மார்க் வாங்கியிருக்கிறாள். ஆறு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். நான் டீச்சர் என்று அவரிடம் சொல்லவில்லை.

இப்போது முதல் பெஞ்சில் இருக்கிறாள். வலது காதுக்குக் கருவி வந்துவிட்டது. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய் சொட்டுவதை நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீ என்னிடம் ஒப்படைத்த பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு இனி வாய் இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 10

அக்கா,

உன்மேல் பழி இல்லை. நான் எழுதுவதைப் படித்தால் உனக்கே தெரியும்.

போன வருஷம் அவருக்குக் காரியம் முடிந்த மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு தலையணையில் ஈரம் இருக்கும். முதலில் எச்சில் என்று நினைத்தேன். பிறகு வாடை வந்தது. எண்ணெய் காய்ச்சி விட்டேன், பஞ்சு வைத்தேன், நின்றது போல் இருந்தது. அதற்குள் இந்த வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது. காது சரியில்லை என்று சொன்னால், "முதலில் பிள்ளையைப் பார், அப்புறம் போ" என்று நீ சொல்லிவிடுவாய். நீ சொன்னால் நான் மீறமாட்டேன். அதனால் சொல்லவில்லை. பஞ்சு வை என்று மட்டும் எழுதினேன். போனில் அவள் பேசாதபோது கோபம் என்று நீ சொன்னாய், அப்பாடா என்று பிடித்துக்கொண்டேன். அவள் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் சும்மாதான் என்று எழுதினேன்.

பெற்றவள் மறைத்ததை மற்றவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

மேலாளரிடம் போய் ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டேன். ஒப்பந்தம் டிசம்பர் வரை, நடுவில் போனால் கடவுச்சீட்டு கைக்கு வராது என்றார். சாயங்காலம் என் பக்கத்து முனை இரண்டு தடவை நழுவி, விரிப்பு உருளைக்குள் சுருண்டது. மறுமுனைக்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு அவள் கூலியைப் பிடித்தார்கள்.

மருந்தை நேரம் தவறாமல் விடு. எழுது அக்கா. உடனே எழுது.

தங்கை


அக்டோபர் 15

தங்கச்சிக்கு,

உடனே எழுது என்றாய். இரண்டு மாதம் ஆக்கிவிட்டேன். நான்கு கடிதம் எழுதினேன், நான்கும் நல்ல செய்தி. வலது காதில் சீழ் நின்றது, எடை இரண்டு கிலோ கூடியது, ரெட்டைச் சடைக்காரியோடு சிரிக்கிறாள், இடி என்றால் பயப்படுகிறாள். எல்லாம் உண்மைதான். ஆனால் எதையும் தபாலில் போடக் கை வரவில்லை.

பச்சை நோட்டுகளை முதலிலிருந்து மறுபடி எழுதினேன். இந்தத் தடவை வாரம் நான்கு பிள்ளைகள், அவ்வளவுதான். ஒருவன் தினமும் வெறும் வயிற்றோடு வருகிறான். ஒருத்திக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது, அதுதான் உலகம் என்று நினைத்திருக்கிறாள். ஒரு பெண் தம்பியைக் குளிப்பாட்டி, சோறாக்கி வைத்துவிட்டு வருவதால் முதல் பாடவேளையில் தூங்குகிறாள். அவளை நான் எத்தனை முறை வெளியே நிறுத்தியிருப்பேன். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளின் மார்க்கை மட்டும் பார்த்திருக்கிறேன் போல.

என் வகுப்பைப் பார்த்துவிட்டு மேலிடத்தில் என்னைப் பாராட்டினார்கள். போன வாரம் ஆசிரியர் பயிற்சியில் பேசக் கூப்பிட்டார்கள். நாற்பது டீச்சர்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதிக்கொண்டுதான் போனேன். எழுந்து நின்றதும் அதைப் படிக்க முடியவில்லை. அங்கே சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

மார்ச்சில் கண்டித்தேன் என்று எழுதினேனே. மனக்கணக்கு நேரம். அவள் பக்கத்தில் நின்றுதான் கேட்டேன். மூன்றாம் தடவையும் "என்ன?" என்றாள். முப்பத்தேழு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அறைந்தேன். இடது கன்னம், காதோடு சேர்த்து. என் வீட்டுப் பிள்ளை என்பதால் இன்னும் பலமாகவே அடித்தேன். சலுகை இல்லை என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று.

அடியால் செவித்திரை கிழியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். யாரோ ஒரு பிள்ளைக்கு நடந்தது போலக் கேட்டேன். இவளுடையது பழைய சீழ், அடியால் வந்ததில்லை என்று அவராகவே சொன்னார். நான் எனக்காகத்தான் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது போலும். அதில் எனக்கு ஆறுதல் இல்லை. அந்த ஒரு "என்ன?"தான் அவளிடம் இருந்த ஒரே வழி. அதை நான் அடைத்தேன். அதற்குப் பிறகு நாலு மாதம் காது கேட்கவில்லை என்று அவள் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. அந்த நாலு மாதத்தில்தான் எலும்பு போனது.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை.

அக்கா


நவம்பர் 22

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம்.

நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டு நாற்பத்தோராவது ஆளாக என்னிடம் சொல்லியிருக்கிறாய். அவர்களுக்கு அது பாடம், அக்கா. எனக்கு என் பிள்ளையின் கன்னம்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். திட்டவும் இல்லை. ஆனால் விரிப்பின் முனையைப் பிடிக்கும்போதெல்லாம் உன் கைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

வாலுவுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். "வலிக்கல அம்மா, எல்லாரும் பாத்தாங்க, அதான்" என்று எழுதியிருக்கிறாள். "பெரியம்மா இப்ப ரொம்ப நல்லவங்க" என்றும் எழுதியிருக்கிறாள். இரண்டையும் உனக்குச் சொல்ல வேண்டியது நியாயம், சொல்லிவிட்டேன்.

டிசம்பர் இருபதாம் தேதி வருகிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். பெரிய ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரிச் சலவையில் வேலை சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே காது கேளாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு நடத்துகிற அரசாங்கப் பள்ளி இருக்கிறதாம். என்னைத் தடுக்காதே.

தங்கை


ஜனவரி 15

தங்கச்சிக்கு,

போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. வீடு ஒற்றை அறை என்றாலும் ஜன்னல் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். சூட்டு உருளை சுட்ட உன் விரல் புண்ணுக்கு மருந்து போடு.

நீ இங்கே இருந்த நாலு நாளும் நாம் இருவரும் சமையல், துணிமணி, மருந்துச் சீட்டு என்று மட்டும் பேசிக்கொண்டோம். குறை சொல்லவில்லை. அதற்கு மேல் கேட்க எனக்கும் தைரியம் இல்லை. நீ பாத்திரம் கழுவும்போது தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அருகில் வரலாமா என்று யோசிப்பதற்குள் நீ கையைத் துடைத்துக்கொண்டுவிட்டாய்.

பஸ் ஏறும்போது வாலு என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, நீங்க வரலையா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றேன். அந்த நேரம் பார்த்து பஸ் உறுமியது. அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன?" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் கேட்ட முதல் "என்ன?". அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, மெதுவாக மறுபடி சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கண்டக்டர் கதவைச் சாத்திவிட்டார்.

அவள் புது டீச்சருக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். எங்கே உட்கார வைக்க வேண்டும், எந்தப் பக்கம் நின்று பேச வேண்டும், இடி இடித்தால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம். மார்க்கைப் பற்றி எழுதவில்லை.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இந்த வருஷம் நாற்பத்தொரு பிள்ளைகள். தெருவில் அவளைச் சுவரோரமாக விட்டு, அவளுக்கு வலப்பக்கமாகவே நடந்து பழகிவிட்டேன். அந்தப் பக்கம் நின்று பேசினால்தான் அவளுக்குக் கேட்கும். நேற்றுக் காலையில் தனியாகத்தான் போனேன். பாதி வழியில் பின்னாலிருந்து சைக்கிள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அந்த ஆள் எனக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து போனார். போகிற போக்கில் திரும்பி, "இவ்வளவு இடத்தை விட்டுட்டு ஏம்மா நடு ரோட்டுல நடக்கறீங்க?" என்றார்.

ஓரமாக ஒதுங்கினேன். பத்தடி போவதற்குள் மறுபடி சுவரோரம் அவளுக்கு இடம் விட்டுத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

அக்கா